மல்லைக் குன்றின் நிழல்

"மாமல்லபுரம் பார்த்திருக்கிறீர்களா?" என்று சென்னைவாசி ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். "பார்க்காமல் என்ன? நாலு தடவை பார்த்தாயிற்று!" என்பார். "என்னென்ன பார்த்தீர்கள்?" என்று மேலும் கேட்டால், கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டை என்று நாலு விரல்களை மடக்குவார். கடற்கரையில் சுண்டல் வாங்கித் தின்றதும், அலையோடு குழந்தையின் ஒற்றைச் செருப்புப் போனதும் ஐந்தாவது விரலுக்கு வந்து சேரும். "இந்த நாலுக்கும் நடுவே ஒரு குன்று இருக்கிறதே, அதில் ஏறி நடந்தீர்களா?" என்றால், "குன்றா? அங்கே ஏது குன்று?" என்று நம்மையே சந்தேகமாகப் பார்ப்பார்.

அவர்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. வண்டிகள் குன்றின் கீழ்ப்புறத்துத் தெருவில் வந்து நிற்கின்றன. இறங்கியவுடன் எதிரே அர்ச்சுனன் தபசு. அதற்கு முன்னால் நின்று குடும்பத்தோடு படம் பிடித்துக்கொண்டு, "வெயில் ஏறுகிறது, சீக்கிரம்!" என்று அடுத்த இடத்துக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். அர்ச்சுனன் தபசு என்பது ஒரு குன்றின் முகம் மாத்திரமே என்பதும், அந்த முகத்துக்குப் பின்னால் முதுகும் விலாவும் மடிப்புகளும் இருக்கின்றன என்பதும் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பெரிய நகரங்களில் வாழ்கிறவர்களுக்கு, மாதத்துக்கு ஒரு நாளாவது மரமும் பாறையும் நிழலும் உள்ள பாதையில் கால் வலிக்க நடந்துவிட்டு வரவேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்கு வடக்கே சான் கேப்ரியல் மலைத் தொடர் இருக்கிறது. விடுமுறை நாள் வந்தால் அந்த ஊர் ஜனங்கள் நிழலடர்ந்த மலையிடுக்குகளுக்குள் ஓடைக் கரையோரமாக நடக்கப் போய்விடுகிறார்கள். பம்பாய்க்காரர்களுக்குப் போரிவிலி ரயில் நிலையத்தில் இறங்கினால் காடும் கான்ஹேரிக் குகைகளும் இருக்கின்றன. நம் சென்னைக்கு என்ன இருக்கிறது? கிழக்கே சமுத்திரம். மேற்கே ஏரிகளும், ஏரிகளாக இருந்து இப்போது வீட்டு மனைகளாகிவிட்ட இடங்களும். மற்றபடி பூமி தோசைக் கல்லைப்போல் தட்டை. இப்படித்தான் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மல்லைக் குன்றில் ஒரு முழு நாள் நடந்தவர்கள் அப்படி எண்ண மாட்டார்கள்.

குன்று சிறியதுதான். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். தெற்கு வடக்காக ஒரு கிலோமீட்டர் நீளம் இருந்தால் அதிகம். உயரம் ஏறக்குறைய நூறு அடி. கொடைக்கானலுக்குப் போகிறவர்களைப்போல் கம்பளிச் சட்டையும் கைத்தடியுமாகப் புறப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சின்னக் குன்றுக்குள் எத்தனை சந்து, எத்தனை இடுக்கு, எத்தனை நிழல்!

அங்கே போய்ச் சேர இரண்டு வழிகள் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 55 கிலோமீட்டர் வழுக்கிக்கொண்டு போய்விடுவது ஒன்று. செங்கற்பட்டு வரையில் ரயிலில் சென்று, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் 30 கிலோமீட்டர் போவது மற்றொன்று. முதலாவது வேகமான வழி. இரண்டாவது நல்ல வழி. பழைய நாளில் மூன்றாவது வழியும் இருந்தது. பக்கிங்காம் கால்வாயில் சாயங்காலம் படகு ஏறி, இரவெல்லாம் தூங்கிக்கொண்டே வந்து, விடியற்காலையில் மல்லையில் இறங்குவார்களாம். அந்தக் கால்வாயின் சென்னைப் பகுதியை 1877-78 ஆம் ஆண்டுகளில் தாது வருஷப் பஞ்சத்தில் அடிபட்ட ஏழைகள் வெட்டினார்கள். பெயர் மட்டும் கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்குப் போயிற்று. இன்று படகும் இல்லை, படகு போகத் தகுந்த தண்ணீரும் இல்லை.

நான் செங்கற்பட்டு வழியைச் சிபாரிசு செய்வதற்குக் காரணம் உண்டு. மல்லைக்குப் போவதற்கு முன்னால், அந்தக் கல் எப்படிப்பட்ட தேசத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ரயில் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டால் திரிசூலமும் பல்லாவரமும் தாண்டும்போது அது தெரிந்துவிடும்.

பல்லாவரத்தில் 1863 ஆம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி, ராபர்ட் புரூஸ் பூட் என்ற புவியியலாளர், சரளைக் குழி ஒன்றில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். அது வெறும் கல் அல்ல. ஆதி மனிதன் செதுக்கிய ஆயுதம். இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்தது என்பதை உலகத்துக்கு அறிவித்த கல் அது. அதே வருஷத்தில் கொற்றலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய ஆயுதங்கள் அகப்பட்டன. அவ்விடத்தில் நம் காலத்தில் சாந்தி பப்புவும் அவருடைய தோழர்களும் செய்த ஆராய்ச்சியின் முடிவு 2011 இல் வெளியாயிற்று. அங்கே கிடைத்த மிகப் பழைய ஆயுதங்களின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பழைய செங்கற்பட்டு ஜில்லாவில் மனிதன் கல்லைத் தொட்டுச் செதுக்க ஆரம்பித்தது அவ்வளவு காலத்துக்கு முன்னால்!

பல்லாவரத்துக் கருங்கல்லுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கல்கத்தா நகரத்தோடு தொடர்புடைய ஜாப் சார்னாக் என்ற கம்பெனிக்காரருடைய கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்துதான் கல் போயிருந்தது. 1893 இல் தாமஸ் ஹாலந்து என்ற அறிஞர் அந்தக் கல்லையும் பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளின் கல்லையும் ஆராய்ந்து, அந்த இனத்துக்குச் சார்னகைட் என்று பெயர் வைத்தார். உலகத்தில் எங்கே அந்த ஜாதிக் கல் அகப்பட்டாலும் இன்று அதுவே பெயர். நம் ஊர்க் கல்லுக்குக் கல்கத்தாக் கல்லறையிலிருந்து பெயர் வந்த விந்தை இது!

பெயர் நிலைத்துவிட்டது. குன்றுகள்தான் நிலைக்கவில்லை. ரயிலிலிருந்து பார்த்தால், திரிசூலத்து மலையின் ஒரு பக்கம் பச்சையாகவும் மறு பக்கம் கத்தியால் அறுத்த பலாப்பழம்போல் சதை தெரியவும் நிற்கிறது. சென்னை நகரம் வளர வளர அதற்கு ஜல்லி வேண்டியிருந்தது. வெடி வைத்துப் பிளந்தார்கள். மேட்டை எடுத்துப் பள்ளத்தைப் போட்டார்கள். இப்போது நகரத்தைச் சுற்றிலும் அப்படிப்பட்ட ஆழமான குவாரிப் பள்ளங்கள் பச்சைத் தண்ணீரைத் தேக்கிக்கொண்டு கிடக்கின்றன. 2017 இலும் 2019 இலும் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது சிக்கராயபுரத்துக் குவாரிப் பள்ளங்களிலிருந்து எடுத்த நீரைச் சுத்தம் செய்து சென்னைக்குக் கொடுத்தார்கள். சென்னைக்கு மலையிடுக்கு இல்லை என்று சொன்னேன் அல்லவா? இயற்கை கொடுக்காததை நாமே வெட்டிக்கொண்டோம். ஆனால் அங்கே நடைபழகப் போகிறவர் யாரும் இல்லை. குளிக்கப் போன பிள்ளைகள் முழுகினார்கள் என்ற செய்திதான் அவ்வப்போது வருகிறது.

செங்கற்பட்டை நெருங்கும்போது கொளவாய் ஏரி கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தெரியும். 2019 இலிருந்து இந்த ஊர் மறுபடியும் ஒரு மாவட்டத்தின் தலைநகரம். ஊருக்குக் கிழக்கே சற்றுத் தூரத்தில் வல்லம் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே மகேந்திர பல்லவன் காலத்துக் குடைவரைக் கோயில் உண்டு. வசந்தப்பிரிய ராஜனுடைய மகன் கந்தசேனன் என்பவன் குடைவித்தது என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. திருக்கழுக்குன்றத்தில் மலை மேல் கோயிலுக்கு 565 படிகள் ஏற வேண்டும். அங்கே நாள்தோறும் உச்சி வேளையில் சோறு உண்ண வந்துகொண்டிருந்த கழுகுகள் இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் வருவதை நிறுத்திவிட்டன. பட்சிகளைப் பற்றி எவ்வளவோ பேசலாம், ஆனால் நாம் போகும் இடம் வேறு.

என்னோடு வந்த நண்பர் ஒரு பாங்கியில் கணக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்ப மாட்டார். அவருடைய பேத்தி, பத்து வயதுக் குழந்தை, எதையும் கேட்டுப் பார்க்காமல் விட மாட்டாள். மார்கழி மாதத்தில் ஒரு நாள் காலை எட்டு மணிக்குக் குன்றின் வடக்கு முனையில் நின்றோம்.

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லிவிட வேண்டும். குன்று தெற்கு வடக்காக நீண்டு கிடக்கிறதல்லவா? ஆகையால் காலையில் அதன் மேற்குப் பக்கம் முழுவதும் நிழல். பிற்பகலில் கிழக்குப் பக்கம் முழுவதும் நிழல். காலையில் மேற்குப் புறமாகத் தெற்கே நடந்து, உச்சிப் பொழுதைக் குகையில் கழித்து, பிற்பகலில் கிழக்குப் புறமாக வடக்கே திரும்பினால், நாள் முழுவதும் நிழலிலேயே நடக்கலாம். சூரியனும் நாமும் கண்ணாமூச்சி விளையாடுவதுபோலத்தான்! ஆனால் பாறை காலையில் குடித்த வெயிலைப் பிற்பகலில் மெதுவாக வெளியே விடும். கிழக்குச் சரிவில் கையை வைத்தால் தோசைக் கல்லின் ஞாபகம் வரும். நிழல் இருக்கும், குளிர்ச்சி சற்றுத் தாமதித்து வரும்.

வடக்கு முனையில் வெண்ணெய் உருண்டை. வழுக்குப் பாறையின் சரிவில் எந்த நிமிஷமும் உருண்டுவிடுவேன் என்று பயமுறுத்திக்கொண்டு எத்தனையோ காலமாக உருளாமல் நிற்கும் அந்தக் கல்லை 1908 இல் கவர்னர் லாலி யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னார் என்றும், அது அசையவில்லை என்றும் ஒரு கதை வழங்குகிறது. "எத்தனை யானை?" என்று கேட்டார் நண்பர். "ஏழு என்கிறார்கள்." "யானைக் கணக்கு எப்போதும் முழு எண்ணாகத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அவர் கல்லின் அடியில் உள்ள நிழலில் உட்கார்ந்துகொள்ள மறுத்துவிட்டார். பேத்தியோ பக்கத்துச் சரிவில் மற்றக் குழந்தைகளோடு சறுக்கி விளையாடப் போய்விட்டாள். தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் சறுக்கிச் சறுக்கி அந்தப் பாறை கண்ணாடிபோல் ஆகியிருக்கிறது. பல்லவச் சிற்பிகள் செய்யாத மெருகு அது.

அங்கிருந்து மேற்கே திரும்பி மும்மூர்த்தி குகைக்குப் போனால் கூட்டம் சட்டென்று குறைந்துவிடுகிறது. அந்தப் பாறையின் மறு பக்கத்தில் ஒரு யானைக் கூட்டமும், ஒரு குரங்கும், ஒரு மயிலும் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. வேலை முடியவில்லை. யானை கல்லிலிருந்து பாதி வெளியே வந்து, மீதியை வெளியே கொண்டுவர யாராவது வருவார்களா என்று காத்திருக்கிறது. மாமல்லபுரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று. இங்கே வழிகாட்டி இல்லை, கூட்டமும் இல்லை.

இதற்குப் பின்னால்தான் உண்மையான நடை ஆரம்பமாகிறது. பெரும் பாறைகள் வட்ட வட்டமாக உரிந்து, உருண்டு, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. வெயிலும் மழையும் மாறி மாறி அடித்ததில் கருங்கல் வெங்காயத்தைப்போல் தோல் உரிந்து உருண்டையாகிவிடுகிறது. இரண்டு உருண்டைகளுக்கு நடுவே ஆள் நுழையும் அளவுக்குச் சந்து. சந்துக்குள் போனவுடன் தெருவில் உள்ள சத்தம் நின்றுவிடுகிறது. தலைக்கு மேல் ஒரு கீற்று வானம். பாறையிடுக்கில் வேர்விட்ட அரசமரம் ஒன்று இலைகளைச் சலசலவென்று அடித்துக்கொண்டிருக்கிறது. எதிரே கல்லின்மேல் ஓணான். குழந்தை குரல் கொடுத்துப் பார்த்தாள். குரல் திரும்பி வந்தது. "நிழலிலே குரல்கூடக் குளிர்ச்சியாக இருக்கிறது, தாத்தா!" என்றாள். கணக்கர் இதற்குப் பதில் சொல்லவில்லை.

நடக்கும்போது கீழே பார்த்துக்கொண்டு நடப்பது நல்லது, விழுந்துவிடாமல் இருப்பதற்காக மட்டுமல்ல. பல பாறைகளில் வரிசையாகச் சிறு சிறு குழிகள், தைத்த துணியில் தையல் ஓடியதுபோல், நேர்கோட்டில் தெரிகின்றன. கல்லைப் பிளக்க ஆப்பு இறக்கிய அடையாளங்கள் அவை. குழியில் உலர்ந்த மர ஆப்பை அடித்து இறக்கித் தண்ணீர் ஊற்றினால், மரம் ஊறிப் பருத்துப் பாறையைப் பிளந்துவிடும் என்று பழைய கல்தச்சர் முறையைச் சொல்வார்கள். சில பாறைகள் கோட்டோடு பிளந்து கிடக்கின்றன. சிலவற்றில் கோடு மட்டும் இருக்கிறது, பாறை பிளக்கவில்லை.

வராக மண்டபம் மேற்கு நோக்கியது. காலை வேளையில் உள்ளே இருட்டாக இருக்கும் என்று நினைத்தால் தவறு. எதிரே உள்ள பாறைகளில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து உள்ளே பால்போல் பரவுகிறது. பூமி தேவியைத் தூக்கிவரும் வராகர் ஒரு சுவரில். உலகளந்த பெருமாள் எதிர்ச் சுவரில். நடுவே யானைகள் நீராட்டும் லக்ஷ்மியும் துர்க்கையும். நேர் வெயிலில் இந்தச் சிற்பங்களுக்கு இவ்வளவு மென்மை இருக்காது. குகையைக் குடைந்தவர்கள் நிழலையும் ஒரு கருவியாகவே வைத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மகேந்திர பல்லவன் செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டில் கல்வெட்டுப் பொறித்தான். அவன் விட்டுவிட்ட நாலு பொருள்களுக்குப் பதிலாக எடுத்துக்கொண்ட பொருள் நிழல்தானோ?

குன்றின் மேலே ராய கோபுரம் முடிவு பெறாமல் நிற்கிறது. இது விஜயநகர காலத்து வேலை. தருமராஜாவின் சிம்மாசனம் என்று சொல்லப்படும் கல் மேடையில் ஒரு சிங்கம் படுத்திருக்கிறது. மேற்குச் சரிவில் கோனேரி மண்டபம். அங்கே நின்று மேற்கே பார்த்தால் குளமும், பனைகளும், அப்பால் கால்வாயின் கோடும் தெரிகின்றன. வேறு இடமாக இருந்தால் ஒவ்வொன்றையும் பார்க்க ஒரு பிரயாணம் போட வேண்டும். இங்கே இவற்றை ஒரு வரியில் கடந்துவிடுகிறேன். இந்த அநியாயத்துக்கு அந்தக் குன்றின் செல்வமே காரணம்.

தெற்கே போகப் போகக் கலங்கரை விளக்கம் பெரிதாகிக்கொண்டு வருகிறது. அதற்குப் பக்கத்தில், ஒரு குகையின் தலைக்குமேல் கட்டியிருக்கும் உலக்கண்ணேசுவரர் கோயில்தான் முன் காலத்தில் மாலுமிகளுக்கு விளக்குக் காட்டியது. புதிய விளக்கம் வந்தபின் பழையது சும்மா இருக்கிறது. உச்சிப் பொழுதுக்கு அதன் கீழே உள்ள மகிஷாசுரமர்த்தினி குகைக்குள் புகுந்துகொண்டோம்.

இந்தக் குகையைப் பற்றிக் கொஞ்சம் சாவகாசமாகச் சொல்லியாக வேண்டும். ஒரு பக்கச் சுவரில் சிங்க வாகனத்தின்மேல் துர்க்கை வில்லை வளைத்துக்கொண்டு பாய்ந்து வருகிறாள். எருமைத் தலை அசுரன் கதையைப் பிடித்தபடியே பின்வாங்கச் சாய்கிறான். அவன் இன்னும் தோற்கவில்லை. ஆனால் அவனுடைய காலுக்குத் தோல்வி தெரிந்துவிட்டது. எதிர்ச் சுவரில் திருமால் பாம்பணையில் துயில்கிறார். இரண்டு அசுரர்கள் பக்கத்திலே நின்று கெட்ட யோசனை செய்துகொண்டிருந்தும் அவருடைய விரல்கூட அசையவில்லை. இத்தனை சத்தம் ஒரு சுவரிலும் இத்தனை நிசப்தம் ஒரு சுவரிலும் இருக்க, நடுவில் சோமாஸ்கந்தர் குடும்பத்தோடு அமர்ந்திருக்கிறார். குளிர்ந்த கல் தரையில் உட்கார்ந்து, கொண்டுபோன புளியோதரைப் பொட்டலத்தை வெளியே மரத்தடியில் முடித்துக்கொண்டு, மறுபடியும் உள்ளே வந்து ஒரு மணி நேரம் இரண்டு சுவர்களையும் மாறி மாறிப் பார்த்தோம். கணக்கர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

பிற்பகலில் கிழக்குச் சரிவில் இறங்கினால் வழியில் ராமானுஜ மண்டபம். இது முதலில் சிவனுக்காகக் குடைந்தது. பிற்காலத்தில் யாரோ சமய வெறி கொண்டவர்கள் சுவரில் இருந்த சிற்பங்களையெல்லாம் உளியால் கொத்தி எடுத்துவிட்டார்கள். ஆனாலும் கொத்திய தழும்பே உருவத்தின் கோட்டைக் காட்டிக் கொடுக்கிறது. சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால், இல்லாத சிற்பம் இருப்பதுபோல் தெரியும். அந்நியர் வந்து நம் கலைகளை அழித்தார்கள் என்று பேசுகிறவர்கள் இந்த மண்டபத்தின் முன் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுப் பேசுவது நல்லது.

கிருஷ்ண மண்டபத்தில் கோவர்த்தன மலையைக் கண்ணன் தூக்கிக்கொண்டிருக்கிறான். மழைக்குப் பயந்து அதன் கீழே ஒதுங்கிய ஆயர்கள் பால் கறக்கிறார்கள், குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். முன்னால் உள்ள தூண் மண்டபம் பிற்காலத்தில் சேர்த்தது. அது இல்லாத நாளில், மெய்யான குன்றே கோவர்த்தனமாகவும், அதன் நிழலில் வந்து நிற்கிற நாமே ஆயர்களாகவும் இருந்திருக்க வேண்டும். மண்டபத்தைக் கட்டியவர்கள் மழைக்குப் பாதுகாப்புச் செய்தார்கள். ஆனால் அந்த அருமையான கற்பனையை அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக, எல்லாரும் முதலில் பார்க்கும் அர்ச்சுனன் தபசுக்கு வந்து சேர்ந்தோம். சுமார் 90 அடி நீளமும் 30 அடி உயரமும் உள்ள பாறை முகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள். இது கிழக்கு நோக்கியதால் காலை வெயிலில் பளிச்சென்று இருக்கும். படம் பிடிக்கிறவர்கள் அப்போது வரட்டும். பிற்பகல் நிழலில் வந்தால் வேறொன்று தெரிகிறது. நடுவே உள்ள பிளவு கருமையாகி, மற்றவையெல்லாம் பின்வாங்கி, அந்தப் பிளவுதான் முன்னுக்கு வந்து நிற்கிறது.

"மலையிடுக்கு, மலையிடுக்கு என்று சொல்லி அழைத்து வந்தீரே, ஐயா! எங்கே அது?" என்றார் நண்பர்.

"இதோ!" என்று அந்தப் பிளவைக் காட்டினேன்.

"இதுவா? இதற்குள் பூனை நடக்கலாம்."

பூனை உண்மையிலேயே அங்கே இருக்கிறது. முன்னங்கால்களைத் தூக்கி நின்று தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள் பக்தியோடு கும்பிடுகின்றன! குழந்தை அதைக் கண்டுபிடித்துக் கை தட்டினாள். ஆனால் நான் சொன்னது வேடிக்கைக்காக அல்ல. மனிதர் வெட்டாத, இயற்கையாகவே உண்டான பிளவு அது. கல்தச்சர்களின் தலைவன் எவனோ ஒருவன் இந்தப் பாறையின் முன் வந்து நின்றபோது இங்கே சிற்பம் ஒன்றும் இல்லை, பிளவு மட்டும் இருந்தது. மழை நாளில் அதன் வழியாக நீர் இறங்கியதை அவன் பார்த்திருக்கலாம். இமயத்தின் பள்ளத்தாக்கில் கங்கை இறங்குவதை நினைத்துக்கொண்டான். பிளவுக்குள் நாகர்களை நீந்தவிட்டான். தேவர்களையும் கின்னரர்களையும் யானைகளையும் மான்களையும் வேடர்களையும் இரு கரைகளிலும் அதை நோக்கிப் புறப்படச் செய்தான். மேலே நீரைத் தேக்கி வைக்கத் தொட்டி இருந்ததன் அடையாளங்களும் உண்டு. விழா நாளில் மேலிருந்து நீரைத் திறந்துவிட்டால் கல் நாகங்கள் மெய்யாகவே நீரில் நெளிந்திருக்கும்!

இதை அர்ச்சுனன் தபசு என்பதா, பகீரதன் தபசு என்பதா என்று நெடுநாளாக வாதம் நடக்கிறது. 1914 இல் விக்டர் கோலுபேவ் என்ற அறிஞர், இது கங்கை பூமிக்கு வந்த கதையே என்று எழுதினார். இவற்றையெல்லாம் மாமல்லன் நரசிம்மவர்மன் காலத்திலேயே தொடங்கினார்கள் என்பாரும், 1962 இல் நாகசாமி சொன்னபடி எல்லாம் ராஜசிம்மன் செய்வித்தவையே என்பாரும் உண்டு. வாதம் எப்படி முடிந்தாலும் பிளவுக்குக் கவலையில்லை. 1984 இல் யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் இந்தச் சின்னங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். 2019 அக்டோபரில் நம் பிரதம மந்திரி சீன ஜனாதிபதியை அழைத்து வந்து இதே இடத்தில் நின்று விளக்கிக் காட்டினார். பெரிய மனிதர்களுக்கு நேரம் குறைவு. குன்றின் முதுகுக்கு அவர்கள் போகவில்லை.

தெருவுக்கு வந்தால் உளிச் சத்தம். ஊரில் சிற்பக் கூடங்கள் ஏராளம். 1957 இல் ஆரம்பித்த அரசாங்கச் சிற்பக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. மாமல்லபுரத்துக் கற்சிற்பங்களுக்கு 2017 இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு கூடத்தில் முதிய சிற்பி ஒருவர் சுத்தியால் கல்லைத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மணிபோல் நாதம் தருவது ஆண் கல், சற்று மென்மையாக ஒலிப்பது பெண் கல், நாதமில்லாதது விக்கிரகத்துக்கு ஆகாது என்பது அவர்கள் சாஸ்திரம். "இந்தக் கல் எந்த ஊர், ஐயா?" என்று கேட்டேன். "லாரியிலே வெளியூரிலிருந்து வருதுங்க. இங்கே கல்லைத் தொட முடியுமா?" என்றார்.

அவர் சொன்னதில் உள்ள விசித்திரத்தைச் சிந்தித்துப் பார்த்தேன். குன்றைக் காப்பாற்றச் சட்டம் இருக்கிறது. ஏனென்றால் அதில் சிற்பம் இருக்கிறது. திரிசூலத்துக் குன்றில் சிற்பம் இல்லை. ஆகையால் அது ஜல்லியாகிவிட்டது. ஒரு பல்லவச் சிற்பி அங்கே போய் ஒரே ஒரு யானையைப் பாதி செதுக்கிவிட்டு வந்திருந்தால்கூட அந்த மலை பிழைத்திருக்குமே! சிற்பிகளுடைய நிலைமையும் யோசிக்கத் தக்கதுதான். கூடத்தில் இப்போது பாதி வேலையை மின்சார அறுவைச் சக்கரம் செய்கிறது. வேலை சீக்கிரம் முடிகிறது. வெண்புகைபோல் எழும் கல் தூசியை இளைஞர்கள் முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு சுவாசிக்கிறார்கள். கல் தூசி நுரையீரலில் தங்கினால் வரும் வியாதிக்கு முழு நிவாரணம் இல்லை. நல்ல முகமூடியும், நீர் தெளித்துத் தூசியை அடக்கும் ஏற்பாடும் அப்படியொன்றும் பெரிய செலவல்ல. சிலை வாங்கப் போகிறவர்கள் விலையைப் பேசும்போது இதையும் கேட்கலாம்.

பொழுது இருந்தால் ஊருக்கு மேற்கே வலையன்குட்டை ரதத்தையும் பிடாரி ரதங்களையும் பார்க்காமல் திரும்ப வேண்டாம். பேரைக் கேட்டால் ஆட்டோக்காரரே ஒரு தடவை யோசிப்பார். அவ்வளவு தனிமை. விமானத்தின் மேல் நிலைகள் எல்லாம் ஒழுங்காகச் செதுக்கியிருக்க, கீழே வர வர வேலை கரடுமுரடாகி, அடியில் வெறும் பாறையாக நிற்கிறது. மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டு வந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. நாங்கள் போனபோது அதன் நிழலில் நாலு வெள்ளாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"ஏன் தாத்தா, மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்?" என்று குழந்தை கேட்டாள்.

நண்பர் பதில் சொல்லாமல் ஆடுகளுக்குப் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்தார். பையிலிருந்து காகிதத்தை எடுத்து, நாளைக்கு இத்தனை அங்குலம், ஆளுக்கு இத்தனை உளி என்று வைத்துக்கொண்டு, மீதியை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட ஆரம்பித்தார். செங்கற்பட்டுக்குப் பஸ் புறப்படும் நேரம் ஆகிவிட்டது என்று நான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.